நெகிழும் மட்டை

ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பாலில் பந்து வேகமாக வருவதில்லை. வரக் கூடாது என்பதே விதி. பந்தெறிபவர் கையைத் தாழ்த்திப் பந்தை மேல்நோக்கி வீசுகிறார். அது வளைந்து ஏறி, மட்டையாளரை நோக்கி இறங்குகிறது. அமெரிக்காவின் யுஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பின் விதிப்படி, அந்த வளைவின் உச்சி தரையிலிருந்து 6 அடிக்குக் குறையவும் கூடாது, 10 அடியைத் தாண்டவும் கூடாது. மட்டையாளரை அடையும்போது பந்தின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர்தான்.

இந்த ஒரே விதி ஆட்டத்தின் இயற்பியலை மாற்றிவிடுகிறது. பேஸ்பாலில் மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து, திரும்பிப் பறப்பதற்கான வேகத்தில் ஒரு பங்கைத் தானே கொண்டுவந்துவிடுகிறது. ஸ்லோ பிட்ச்சில் அந்த உதவி மிகக் குறைவு. வேலியைத் தாண்டும் பந்துக்கான ஆற்றலில் பெரும்பகுதியை மட்டையாளரின் கால்களும் இடுப்பும் தோள்களுமே தந்தாக வேண்டும். அந்த ஆற்றலைச் சிந்தாமல் பந்துக்குக் கொண்டுசேர்ப்பது மட்டையின் வேலை.

அதனால்தான் இந்த ஆட்டத்தில் மட்டை பற்றிய பேச்சு ஓய்வதே இல்லை. கடையில் வரிசையாக நிற்கும், இழையும் பிசினும் சேர்த்துச் செய்த காம்போசிட் மட்டைகள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பெரும்பாலானவை 34 அங்குல நீளம், இரண்டேகால் அங்குல விட்டம், 25 முதல் 30 அவுன்ஸ் எடை. நல்ல மட்டை ஒன்று 300 டாலரைத் தாண்டுவதும் உண்டு. இவற்றுள் எது நமக்கானது? விளம்பரம் பந்து பறக்கும் தூரத்தைப் பற்றிப் பேசும். இயற்பியலோ வேறு இரண்டைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று, மட்டைச் சுவர் எவ்வளவு நெகிழ்கிறது என்பது. மற்றது, மட்டையின் எடை எங்கே குவிந்திருக்கிறது என்பது. முதலாவதற்கு விதிகள் வரம்பு கட்டிவிட்டன. இரண்டாவதுதான் வாங்குபவர் கையில் இருக்கிறது. காம்போசிட் மட்டையைத் தேர்ந்தெடுக்கும் கலை முழுவதும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதில் அடங்கியிருக்கிறது.

ஒரு சிறிய கணக்கு

அசையாமல் நிற்கும் மட்டை ஒன்றின் மீது பந்தை எறிவதாக வைத்துக்கொள்வோம். மட்டை ஓர் அச்சில் தாராளமாகச் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. பந்து மோதித் திரும்புகிறது. திரும்பும் வேகத்தை வந்த வேகத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதைத் துள்ளல் விகிதம் என்று அழைப்போம். இந்த ஓர் எண்ணுக்குள் பந்தின் தன்மை, மட்டையின் நெகிழ்வு, எடைப் பரவல் எல்லாம் சேர்ந்திருக்கின்றன.

களத்தில் அடிபட்ட பந்தின் வேகத்தைக் கணிக்க இந்த எண் போதும். துள்ளல் விகிதத்தைப் பந்து வரும் வேகத்தால் பெருக்க வேண்டும். அந்த விகிதத்துடன் ஒன்றைக் கூட்டி, மட்டையின் வேகத்தால் பெருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் விடை வந்துவிடும்.

துள்ளல் விகிதம் 0.1 என்றும், பந்து 25 மைல் வேகத்தில் வருகிறது என்றும், மட்டையின் மோதும் பகுதி 70 மைல் வேகத்தில் சுழல்கிறது என்றும் கொள்வோம். பந்தின் பங்கு 2.5 மைல். மட்டையின் பங்கு 77 மைல். மொத்தம் 79.5. அடிபட்ட பந்தின் வேகத்தில் எறிபவரின் பங்கு மிகச் சிறியது என்பதை இந்தக் கணக்கு எடுத்த எடுப்பிலேயே காட்டிவிடுகிறது. மட்டையின் வேகத்தை ஒரு மைல் கூட்டினால் அடிபட்ட பந்தின் வேகம் 1.1 மைல் கூடும். வரும் பந்தின் வேகத்தை ஒரு மைல் கூட்டினால் கூடுவது 0.1 மைல் மட்டுமே.

இனி வீச்சு வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, துள்ளல் விகிதத்தை 0.1லிருந்து 0.15 ஆக உயர்த்திப் பாருங்கள். விடை 84 மைலைத் தாண்டுகிறது. மட்டையாளர் கூடுதலாக ஒரு துளி வலுவும் செலவிடவில்லை. மட்டை மட்டும்தான் மாறியிருக்கிறது. மட்டைத் தயாரிப்பாளர்களின் பல ஆண்டு உழைப்பு இந்தச் சிறு தசம எண்ணைத் துரத்தியதுதான்.

பந்துக்குள் தொலையும் ஆற்றல்

துள்ளல் விகிதம் ஏன் இவ்வளவு சிறியதாக இருக்கிறது? பந்தைப் பார்த்தால் தெரியும். ஸ்லோ பிட்ச்சில் ஆண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை ஆறேகால் முதல் 7 அவுன்ஸ். உள்ளே பெரும்பாலும் பாலியூரிதேன் கரு. அந்தப் பந்தின் மீது இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். யுஎஸ்ஏ சாஃப்ட்பால் போட்டிகளில் வழக்கமாகக் காணப்படுவது 52, 300 என்ற இணை.

முதல் எண் மீட்சிக் குணகம். பந்தை மணிக்கு 60 மைல் வேகத்தில் கெட்டியான சுவர் ஒன்றில் மோதவிட்டால், வந்த வேகத்தில் 52 விழுக்காட்டோடு திரும்பும் என்று பொருள். ஆற்றல் என்பது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே திரும்பும் பந்தில் மிஞ்சுவது ஏறத்தாழ 27 விழுக்காடு ஆற்றல் மட்டுமே. நான்கில் மூன்று பங்கு பந்தின் உள்ளேயே உராய்ந்து வெப்பமாகிப் போய்விடுகிறது. இரண்டாவது எண் பந்தின் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. பந்தைக் கால் அங்குலம் நசுக்க எத்தனை பவுண்டு விசை தேவை என்பதே அது.

பந்து எவ்வளவு நசுங்குகிறதோ அவ்வளவு ஆற்றல் தொலைகிறது. அப்படியானால் பந்தைக் குறைவாக நசுங்கச் செய்தால் போதாதா? போதும். அதற்குப் பந்து மோதும் சுவர் சற்றே உள்வாங்கிக் கொடுக்க வேண்டும். சுவர் உள்வாங்கும்போது மோதலின் ஆற்றலில் ஒரு பகுதி சுவருக்குப் போகிறது. பந்தைப் போல அதை வீணடிக்காமல், நல்ல சுவர் வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். இதைத்தான் டிராம்போலின் விளைவு என்கிறார்கள்.

திருப்பித் தருவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பந்தும் மட்டையும் ஒன்றையொன்று தொட்டிருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் மட்டையின் வட்டமான குறுக்குவெட்டு நீள்வட்டமாக அமுங்கி, மீண்டும் வட்டமாக வேண்டும். இந்த வளைய அதிர்வைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் அறிஞர் டேனியல் ரஸ்ஸல் பல ஆண்டுகளாக அளந்து ஆராய்ந்திருக்கிறார். அலுமினிய மட்டை எழுப்பும் கணீர் என்ற ஓசை இந்த வளைய அதிர்வின் ஓசைதான். காம்போசிட் மட்டையின் வளைய அதிர்வெண் அலுமினியத்தைவிடத் தாழ்ந்தது. அதனால் அதன் ஓசை மந்தமாக, ஆழமாகக் கேட்கிறது. தாழ்ந்த அதிர்வெண் என்றால் இளகிய சுவர், இளகிய சுவர் என்றால் கூடுதல் துள்ளல். நல்ல காம்போசிட் மட்டை அலறாது என்று ஆட்டக்காரர்கள் அனுபவத்தில் அறிந்திருப்பதன் காரணம் இதுவே.

மரம், அலுமினியம், கார்பன்

1979 டிசம்பரில், பெர்த் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் கிரிக்கெட் போட்டியில், ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு களமிறங்கினார். பந்தைச் சேதப்படுத்துகிறது என்று இங்கிலாந்து தலைவர் மைக் பிரியர்லி ஆட்சேபித்தார். அந்த மட்டை களத்திலிருந்து வெளியேறியது. மட்டையின் அலகு மரத்தால்தான் ஆக வேண்டும் என்று கிரிக்கெட் தன் சட்டத்திலேயே எழுதிக் கதவை மூடிக்கொண்டது.

சாஃப்ட்பால் அந்தக் கதவைத் திறந்தே வைத்தது. 1887இல் சிகாகோவின் ஃபாரகட் படகுக் கழகக் கூடத்தில் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைக் கட்டிப் பந்தாக்கி, ஒரு கழியால் அடித்து விளையாடியதில் பிறந்த ஆட்டம் இது. தொழிற்சாலைகளும் தேவாலயங்களும் தீயணைப்பு நிலையங்களும் தங்களுக்கென அணி வைத்துக்கொண்ட, சாதாரண மனிதர்களின் ஆட்டமாக அது வளர்ந்தது. அடிக்கடி உடையும் மர மட்டைக்கு மாற்றாக 1970களில் அலுமினியம் பரவியபோது, அதை வரவேற்காமலிருக்க அவர்களுக்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை.

மர மட்டை உள்ளே கெட்டியானது. அதன் குறுக்குவெட்டு அமுங்காது. உள்ளீடற்ற அலுமினியக் குழாயோ அமுங்கும். ஆனால் ஒற்றைச் சுவர் அலுமினியத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. துள்ளல் கூட வேண்டுமென்று சுவரை மெலிதாக்கினால், நாலைந்து அடியிலேயே பள்ளம் விழுந்துவிடும். இதற்கு ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ரே டிமரினி 1990களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மெல்லிய சுவர்களை வைத்தார். இரண்டும் தனித்தனியே நெகிழ்வதால் மட்டை மொத்தத்தில் இளகியது. இரண்டும் சேர்ந்து தாங்குவதால் பள்ளமும் விழவில்லை. இரட்டைச் சுவர் மட்டை சாஃப்ட்பால் உலகத்தையே புரட்டிப்போட்டது. அதே காலத்தில் வந்த டைட்டானியம் மட்டைகள் அளவுக்கு மீறித் துள்ளியதால் விரைவிலேயே தடை செய்யப்பட்டன. பின்னர் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்பன் இழை மட்டைகள் முன்னுக்கு வந்தன. மினசோட்டாவின் மைக்கன் நிறுவனம் உருவாக்கிய அல்ட்ரா வரிசை அவற்றில் பேர் பெற்றது.

இழையின் கோணம்

காம்போசிட் என்பது ஒற்றைப் பொருள் அன்று. கார்பன் இழைகளோ கண்ணாடி இழைகளோ எபாக்ஸி பிசினில் தோய்ந்து, அடுக்கடுக்காகச் சுற்றப்பட்டு, அச்சுக்குள் வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இறுக்கப்படுகின்றன. சுமையைத் தாங்குவது இழை. இழைகளைப் பிடித்து நிறுத்துவது பிசின்.

உலோகத்திலிருந்து இது வேறுபடும் முக்கியமான இடம் ஒன்று உண்டு. அலுமினியம் எல்லாத் திசையிலும் ஒரே விறைப்பு கொண்டது. இழை அப்படியல்ல. தன் நீளவாக்கில் மிக விறைப்பானது, குறுக்குவாக்கில் இளகியது. ஆகவே பொறியாளர் ஒவ்வோர் அடுக்கையும் எந்தக் கோணத்தில் சுற்றுகிறார் என்பதைப் பொறுத்து மட்டையின் குணமே மாறிவிடும். மட்டையின் நீளவாக்கில் ஓடும் இழைகள் அது வளையாமல் காக்கும். வளையமாகச் சுற்றிவரும் இழைகள் சுவர் அமுங்காமல் காக்கும். இரண்டையும் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம்.

அதாவது, எடையைத் தொடாமலே நெகிழ்வை மாற்றலாம். நெகிழ்வைத் தொடாமலே எடையை நுனிக்கோ கைப்பிடிக்கோ நகர்த்தலாம். அலுமினியத்தில் சுவரின் தடிமனைத் தொட்டால் எடை, விறைப்பு, பள்ளம் விழும் வாய்ப்பு எல்லாம் சேர்ந்தே மாறும். காம்போசிட் இந்த முடிச்சுகளை அவிழ்த்தது. அதன் உண்மையான வெற்றி இந்தச் சுதந்திரம்தான்.

வரம்பு ஏன்?

சுதந்திரம் கிடைத்தபோது ஆபத்தும் சேர்ந்து வந்தது. பந்தெறிபவர் நிற்கும் தூரம் 50 அடி. அடிபட்ட பந்து மணிக்கு 98 மைல் வேகத்தில் அவரை நோக்கி நேராக வந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், அது அவரை எட்ட ஆகும் நேரம் 0.35 நொடி. கண் பார்த்து, மூளை உணர்ந்து, தசை அசையத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகிவிடும். மிச்சமிருப்பதில்தான் கையுறையை முகத்துக்கு முன் கொண்டுவர வேண்டும். பந்தின் பெயரில்தான் மென்மை இருக்கிறது. அந்த வேகத்தில் அது எலும்பை முறிக்கும்.

98 மைல் என்ற எண்ணை நான் தற்செயலாக எடுக்கவில்லை. அன்று ஏ.எஸ்.ஏ. என்ற பெயரில் இயங்கிய இன்றைய யுஎஸ்ஏ சாஃப்ட்பால் அமைப்பு, 2004ஆம் ஆண்டுத் தரநிலையில் அடிபட்ட பந்துக்கு வைத்த வரம்பு இதே 98 மைல்தான். ஆய்வகத்தில் மட்டையை ஓர் அச்சில் பொருத்தி, காற்றழுத்தப் பீரங்கியால் பந்தை மணிக்கு 110 மைல் வேகத்தில் அதன் மீது செலுத்துகிறார்கள். வலுவான மட்டையாளரின் 85 மைல் வீச்சும், வரும் பந்தின் 25 மைலும் சேர்ந்த வேகம் அது. திரும்பும் பந்தின் வேகத்தை அளந்து, நாம் முன்பு பார்த்த கணக்கின் வழியே களத்தில் கிடைக்கும் வேகத்தைக் கண்டறிகிறார்கள். இத்தகைய சோதனைகளுக்குப் பேர் பெற்றது வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாயிட் ஸ்மித் நடத்தும் விளையாட்டு அறிவியல் ஆய்வகம்.

இன்னொரு பெரிய அமைப்பான யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. வேறு அளவுகோலை வைத்திருக்கிறது. அங்கே ஆடப்படும் பந்துகளும் வேறு. யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. முத்திரை பெற்ற மட்டைச் சுவர்கள் பொதுவாக இளகியவை, ஏனெனில் அவை துள்ளல் குறைந்த பந்துக்காக வடிவமைக்கப்படுகின்றன. சீனியர் சாஃப்ட்பால்-யுஎஸ்ஏ என்ற முதியோர் அமைப்போ, மற்ற இடங்களில் தடை செய்யப்பட்ட மைக்கன் அல்ட்ரா 2 போன்ற துள்ளல் மிகுந்த மட்டைகளையும் அனுமதிக்கிறது. வயதானவர்களின் வீச்சு வேகம் குறைவு என்பதை மட்டை ஈடுசெய்யட்டும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம்.

வாங்குபவர் இதிலிருந்து அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, மட்டையைப் பார்ப்பதற்கு முன் முத்திரையைப் பார்க்க வேண்டும். ஆடப்போகும் போட்டி ஏற்காத முத்திரை கொண்ட மட்டை எவ்வளவு உயர்ந்ததானாலும் பையிலேயேதான் கிடக்கும். இரண்டாவது இன்னும் முக்கியமானது. ஒரே முத்திரை பெற்ற நல்ல மட்டைகள் எல்லாமே வரம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன. சுவரின் துள்ளலில் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு இருக்க வழியில்லை. இந்த மட்டை அந்த மட்டையைவிட முப்பது அடி கூடுதலாகப் பறக்கவைக்கும் என்று யாராவது சொன்னால், ஒன்று அவர் மிகைப்படுத்துகிறார், அல்லது அவர் கையிலிருக்கும் மட்டை சட்டத்துக்குள் இல்லை.

எடை அல்ல, எடை இருக்கும் இடம்

ஒரு சுத்தியலை எடுத்துக் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். பிறகு திருப்பி, இரும்புத் தலையைப் பிடித்துக்கொண்டு சுழற்றுங்கள். எடை அதேதான், ஆனால் இரண்டாம் முறை கை இலகுவாகச் சுற்றும். தராசு சொல்லாத இந்த வேறுபாட்டை இயற்பியல் நிலைமத் திருப்புத்திறன் என்கிறது. ஒவ்வொரு துளி எடையும் சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது அது. வர்க்கம் என்பதால் நுனியில் சேரும் அரை அவுன்ஸ், கைப்பிடியில் சேரும் பல அவுன்ஸைவிட அதிகமாக வீச்சைப் பாதிக்கும்.

லாயிட் ஸ்மித், ஜெஃப் புரோக்கர், இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேத்தன் ஆகிய மூவரும் சேர்ந்து இதைச் சாஃப்ட்பால் ஆட்டக்காரர்களிடம் சோதித்தார்கள். எடை ஒன்றாகவும் திருப்புத்திறன் வேறாகவும் உள்ள மட்டைகளை ஒரு வரிசையாகவும், திருப்புத்திறன் ஒன்றாகவும் எடை வேறாகவும் உள்ள மட்டைகளை இன்னொரு வரிசையாகவும் கொடுத்து வீசச் சொன்னார்கள். வீச்சு வேகம் திருப்புத்திறனைப் பின்பற்றியது. எடையைப் பின்பற்றவில்லை.

கடையில் மட்டைகள் சமநிலை மட்டை, நுனிச்சுமை மட்டை என்று இரண்டாகப் பிரிக்கப்படுவது இதனால்தான். நுனிச்சுமை மட்டைகளில் அரை அவுன்ஸ், ஒரு அவுன்ஸ் என்று கூடுதல் சுமையைக் குறிப்பிட்டிருப்பார்கள். 27 அவுன்ஸ் என்று எழுதப்பட்ட இரண்டு மட்டைகள், கையில் எடுத்து வீசும்போது வெவ்வேறு மட்டைகளாக உணரப்படும்.

எது மேல்? இங்கே ஓர் ஈடுகட்டல் நடக்கிறது. நுனியில் சுமை கூடும்போது, பந்து மோதும் இடத்தில் மட்டை கனத்து நிற்கிறது. பந்து அதைப் பின்னுக்குத் தள்ளுவது குறைகிறது. துள்ளல் விகிதம் உயர்கிறது. அதே நேரத்தில் வீச்சு வேகம் குறைகிறது. ஆனால் திருப்புத்திறன் கூடும் அளவுக்கு வேகம் குறைவதில்லை. அதைவிடச் சிறிய பங்கே குறைகிறது. ஆகவே வலுவான ஆட்டக்காரருக்கு நுனிச்சுமை ஓரளவு ஆதாயம் தரும். ஆனால் அந்த ஆதாயம், பந்து மட்டையின் சரியான இடத்தில் பட்டால் மட்டுமே. கனத்த நுனி தாமதமாகத் தொடங்கும், தாமதமாகத் திரும்பும். மட்டையின் பாதையை நடுவழியில் திருத்துவது கடினம். இடைவெளி பார்த்துப் பந்தை நிலத்தோடு செலுத்த விரும்புபவருக்கும், உடல் வலு குறைந்தவருக்கும், ஒரே நாளில் பல ஆட்டங்கள் ஆடுபவருக்கும் சமநிலை மட்டைதான் உதவும். விலகிப் பட்ட ஒரு அடியில் இழக்கும் வேகம், நுனிச்சுமை கொடுக்கும் ஆதாயத்தைப் பல மடங்கு விழுங்கிவிடும்.

திருப்புத்திறனை ஒப்பிட ஆய்வகம் தேவையில்லை. மட்டையை ஒரு விளிம்பின் மீது கிடத்தி அது சாயாமல் நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பிடி முனையிலிருந்து 6 அங்குலத்தில் ஓர் அச்சில் தொங்கவிட்டு, ஊசல் போல மெல்ல ஆடவிட்டு, பல அலைவுகளுக்கான நேரத்தை அளந்து ஓர் அலைவு நேரத்தைக் கணக்கிடுங்கள். அலைவு நேரத்தின் வர்க்கம், எடை, அச்சிலிருந்து சமநிலைப் புள்ளியின் தூரம் மூன்றையும் பெருக்கினால் வரும் எண் திருப்புத்திறனுக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இரண்டு மட்டைகளை ஒப்பிட அது போதும். ஆய்வகங்களும் இதே முறையைத்தான் நுட்பமாகச் செய்கின்றன.

கைப்பிடியும் ஸ்வீட் ஸ்பாட்டும்

ஒருதுண்டு மட்டையா, இருதுண்டு மட்டையா என்பது அடுத்த கேள்வி. இருதுண்டு மட்டையில் கைப்பிடியும் பேரல் எனப்படும் அடிக்கும் பகுதியும் தனித்தனியே செய்யப்பட்டு இணைக்கப்படுகின்றன. வளையும் கைப்பிடி பந்தைச் சாட்டைபோல் உதறித் தள்ளும் என்று விளம்பரங்கள் சொல்லும். இதை நம்ப வேண்டியதில்லை. மோதல் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. மோதலால் எழும் வளைவு அலை கைப்பிடிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பந்து மட்டையை விட்டுப் பிரிந்திருக்கும். அந்தக் கணத்தில் கை இறுக்கிப் பிடித்திருக்கிறதா, தளர்வாகப் பிடித்திருக்கிறதா என்பதுகூடப் பந்துக்குத் தெரியாது.

இருதுண்டு மட்டையின் பயன் வேறு. ஸ்வீட் ஸ்பாட்டுக்கு வெளியே பந்து பட்டால் மட்டை நெடுக அதிர்கிறது. அந்த அதிர்வு கையைச் சுண்டும். இணைப்பு அதை வெகுவாகத் தணிக்கிறது. ஸ்வீட் ஸ்பாட் என்பது ஒற்றைப் புள்ளியல்ல; நுனியிலிருந்து ஏறத்தாழ 4 முதல் 7 அங்குலத்துக்குள் பரவியிருக்கும் பகுதி. அங்கே பட்டால் வளைவு அதிர்வு மிகக் குறைவாகவே எழும். 12 முதல் 14 அங்குலம் வரை நீண்ட பேரல் கொண்ட மட்டைகள் நெகிழும் பகுதியை நீட்டித்து, சற்றே விலகிப் பட்ட பந்துக்கும் கைகொடுக்கின்றன. கை நோகாமல் ஆட விரும்புபவர் இருதுண்டைத் தேர்ந்தெடுக்கலாம். மட்டை விறைப்பாக உணரப்பட வேண்டும் என்பவர் ஒருதுண்டை எடுக்கலாம். தூரத்தை எதிர்பார்த்து இரண்டில் எதையும் வாங்க வேண்டாம்.

அடிக்க அடிக்க மாறும் பொருள்

அலுமினிய மட்டை முதல் நாளிலேயே முழுத் திறனோடு வருகிறது. காம்போசிட் அப்படியல்ல. ஒவ்வொரு அடியிலும் இழைகளுக்கு இடையிலான பிசினில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுகின்றன. சுவர் சிறிது சிறிதாக இளகுகிறது. துள்ளல் கூடுகிறது. புதிய மட்டையை நூறு, இருநூறு பந்துகள் வரை, ஒவ்வோர் அடிக்கும் சற்றே சுழற்றிப் பிடித்து, மிதமான வேகத்தில் தொடங்கி அடித்துப் பழக்கச் சொல்வது இதனால்தான். சுழற்றிப் பிடித்தால் விரிசல்கள் சுற்றிலும் சமமாகப் பரவும். மட்டையின் உச்சத் திறன் அதன் முடிவுக்குச் சற்று முன்னால் வருகிறது. எந்தச் சேதம் துள்ளலைக் கூட்டியதோ, அதே சேதம் முற்றும்போது மட்டை பிளந்துவிடுகிறது.

இந்தக் குணம் விதிகளை எழுதியவர்களுக்குப் பெரும் தலைவலி தந்தது. 2009இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ., பேஸ்பால் சாம்பியன் போட்டியில் பயன்பட்ட காம்போசிட் மட்டைகளை எடுத்துச் சோதித்தபோது, பெரும்பாலானவை வரம்பைத் தாண்டியிருந்தன. புதியதாக இருந்தபோது அவை சோதனையில் தேறியவைதான். அந்த ஆண்டே அவற்றுக்குத் தற்காலிகத் தடை வந்தது. அதன்பின் மட்டையை ஆய்வகத்திலேயே உருளைகளுக்கு இடையில் நசுக்கிப் பழக்கி, பழகிய நிலையிலும் வரம்புக்குள் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை வந்தது. சாஃப்ட்பால் போட்டிகளில் மைதானத்திலேயே பேரலை அமுக்கி, அதன் விறைப்பை அளக்கும் கருவியும் பயன்படுகிறது. பல மாதம் ஆடிய மட்டை அந்தக் கருவியில் தோற்றால், முத்திரை இருந்தும் அன்று ஆட முடியாது.

இதே குணத்தைத் தவறாகப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். பழகும்வரை காத்திருக்காமல் மட்டையை உருளைகளுக்கு இடையே கொடுத்து நசுக்குவது ஒரு வழி. நுனி மூடியைக் கழற்றி, உட்சுவரைக் கடைசல் இயந்திரத்தில் சீவி மெலிதாக்குவது இன்னொரு வழி. இரண்டும் துள்ளலைக் கூட்டும் என்பது உண்மை. இரண்டும் விதிமீறல் என்பதும் உண்மை. சீவப்பட்ட மட்டை விரைவில் உடையும் என்பது அதை வாங்குபவரின் நட்டம். ஆனால் அது 50 அடி தள்ளி நிற்பவரிடமிருந்து பறிக்கும் நொடிப்பங்கு வேறொருவரின் நட்டம். அவருக்கு அதில் எந்தச் சம்மதமும் இல்லை. எதிரணியிலும் யாரோ ஒருவரின் தந்தையோ மகளோதான் பந்தெறிகிறார். இதை மறந்துவிட்டு அடிக்கப்படும் எந்த ஹோம் ரன்னுக்கும் மதிப்பில்லை.

குளிரும் காம்போசிட்டுக்கு எதிரி. 15, 16 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பந்து கெட்டியாகிறது, பிசின் நொறுங்கும் தன்மை பெறுகிறது. அந்த நாட்களில் பழைய அலுமினிய மட்டையை எடுத்துச் செல்வதே புத்திசாலித்தனம். பயிற்சிக் கூண்டுகளில் இயந்திரம் எறியும் குழி விழுந்த கெட்டிப் பந்துகளையும், மழையில் ஊறிய பந்துகளையும் காம்போசிட்டால் அடிக்காதீர்கள்.

தேர்வின் வரிசை

முதலில், எந்த அமைப்பின் போட்டியில், எந்தப் பந்தில் ஆடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்து அதற்குரிய முத்திரையைத் தேடுங்கள். இரண்டாவதாக, உங்கள் வலுவையும் ஆடும் விதத்தையும் ஒளிக்காமல் எடைபோட்டு, சமநிலையா நுனிச்சுமையா என்று தீர்மானியுங்கள். ஐயம் இருந்தால் சமநிலை. மூன்றாவதாக, முடிந்தால் நண்பர்களின் மட்டைகளை வாங்கி ஒரே நாளில் மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். முதல் சில அடிகளை நம்பாதீர்கள். உடல் களைத்த பிறகும் நேரத்துக்குப் பந்தைச் சந்திக்கும் மட்டை எதுவோ அதுதான் உங்களுடையது. பேரலின் நீளமும் ஒருதுண்டு, இருதுண்டு என்பதும் அதற்குப் பிறகு வரும் விருப்பங்கள். நிறமும் புகழ்பெற்ற ஆட்டக்காரரின் கையெழுத்தும் விலையைக் கூட்டும், பந்தின் வேகத்தைக் கூட்டாது.

மட்டைச் சுவருக்கு விதி ஓர் எல்லை வகுத்திருக்கிறது, அந்த எல்லை நியாயமானது. வீச்சுக்கு எல்லை இல்லை. கூடுதல் மைல் வேண்டுமென்றால் அடுத்த மட்டைக்குச் செலவிடும் பணத்தில் பாதியை நல்ல பயிற்சிக்குச் செலவிடுங்கள். மீதியில் உங்கள் அணியின் பந்தெறிபவருக்கு ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.